ஜெயலட்சுமி ரோட்டைத் தாண்டும் கதை (இதுவரை)

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. வைட்ஃபீல்ட் போகிற வழியில், சின்னப்பா லேஅவுட் சிக்னலில், வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஊன்றுகோலோடு ஒரு பெண் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார். அவள் ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். டிரைவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். தலைக்கு மேலே போன ஸ்கைவாக் என்கிற நடைமேம்பாலத்தைப் பார்த்தார். அதன் லிஃப்டில் தொங்கிய பூட்டையும் பார்த்தார். பிறகு அவளை ஏற்றிக்கொண்டு மீட்டர் போடாமலே கிளம்பினார்.

வார இதழ் ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது வேறு. "மர்மக் கதை சார். முதல் பக்கத்துலயே பிணம் விழணும்" என்றார். சரி என்று நானும் ஒப்புக்கொண்டேன். எனவே முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

லிஃப்ட் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே, ரத்த வெள்ளத்தில்—

இல்லை. பூட்டின லிஃப்டில் கதவு எப்படித் திறக்கும்? அடித்துவிட்டேன்.

துப்பறிவாளர் எரிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பூட்டில் ஏதோ—"

இதையும் அடித்துவிட்டேன். ஆனால் எரிக்கை அடிக்க மனசு வரவில்லை. பல தொடர்களாக எனக்குச் சோறு போட்டவர். கோரமங்களாவிலிருந்து கிளம்பிவிட்டார். டிராஃபிக்கில் இருக்கிறார். அவர் வந்து சேர்வதற்குள் நாம் கதையை ஆரம்பித்துவிடலாம்.

2

ஜெயலட்சுமிக்கு வயது நாற்பத்தொன்று. இடது காலுக்குச் சின்ன வயதிலிருந்தே காலிப்பர் என்கிற கம்பிக் கட்டு. கை மட்டும் மின்னல். ரோட்டின் இந்தப் பக்கம் அவளுடைய வீடு. எதிர்ப்பக்கம், அபார்ட்மெண்டுகளுக்கு நடுவே ஒரு வணிக வளாகத்தில், ஒற்றை ஷட்டர் வைத்த தையல் கடை. பிளவுஸ், சல்வார், ஜீன்ஸுக்கு ஆல்டரேஷன். வீட்டு வாசலில் நின்றால் கடையின் போர்டு தெரியும். ஆனால் ரோட்டின் நடுவே தடுப்புச் சுவர். கண்ணுக்குத் தெரிகிற கடைக்குப் போக ஆட்டோ பிடித்து, ஃப்ளைஓவர் வரை போய், யூ டர்ன் அடித்து, அத்தனை சிக்னலிலும் நின்று திரும்பி வரவேண்டும். அந்த நேரத்தில் ஒரு லைனிங் பிளவுஸை வெட்டித் தைத்து ஹூக்கும் வைத்துவிடலாம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

(இங்கே வாசகர் ஒருவர் கேட்பார்: கடையை இந்தப் பக்கமே வைத்தால் என்ன? நானும் யோசித்தேன். அப்படி வைத்தால் கதையே இல்லை. ஆனால் அது என் பிரச்சினை, அவளுடைய காரணம் அல்ல. அவளுடைய காரணம் இது: இந்தப் பக்கம் ஏற்கெனவே நாலு டைலர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி அவளுடைய அண்ணி. மேற்கொண்டு கேட்காதீர்கள்.)

கடையை வாடகைக்கு விட்டிருக்கும் மமதா, போன வாரம் ஷட்டர் முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

"ஜெயா, கஸ்டமருங்க ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒம்போது மணிக்குத் துணி குடுக்க வராங்க. நீங்க பத்தரைக்கு வரீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"ரோடு, மேடம்."

"ரோடு எல்லாருக்கும் ரோடுதான். மோமோ போடற பையன் ஒருத்தன் டெய்லி வந்து கேக்கறான். அவன் ஏழு மணிக்கே நிக்கறான் இங்க."

"மோமோவ காலையில யாரு மேடம் சாப்பிடுவா?"

"சாப்பிடறாங்கம்மா. திங்கக்கிழமைலருந்து ஒம்போதுக்கு ஷட்டர் மேல போயிருக்கணும். இல்லன்னா நான் அவனுக்கு ஹூன் சொல்லிடுவேன்."

ஹூன் என்றால் கன்னடத்தில் சரி. ஆக, திங்கட்கிழமை ஒன்பது மணி. அதற்குள் லிஃப்ட் திறந்தால் தையல் கடை, திறக்காவிட்டால் மோமோ. இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்த ஷட்டர்தான். பிணத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

3

இப்போது கொஞ்சம் பொருளாதாரம் வரும். பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ரோட்டுக்கு மேலே பாலம் வேண்டும். அரசாங்கத்தைக் கேட்டால் பணம் இல்லை என்கிறது. ஒரு கம்பெனி வருகிறது. ஒரு பைசா தரவேண்டாம், நானே கட்டுகிறேன், முப்பது வருஷம் அதில் விளம்பரம் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்கிறது. நல்ல ஏற்பாடுதானே என்று ஒரு கட்சி. தலைக்கு மேலிருக்கும் வானத்தையே விற்றுவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. நடுவில் பாலம் ஒன்று எழும்பிவிடுகிறது. மக்கள் ரோட்டைத் தாண்டுவது பஸ் ஸ்டாப்பில். பாலம் நிற்பதோ சிக்னலில். ஏனென்றால் சிக்னலில்தான் கார்கள் நிற்கும். நிற்கிற காரில் இருப்பவர்தான் விளம்பரத்தை முழுசாகப் படிப்பார். பாலத்துக்கு விளம்பரமா, விளம்பரத்துக்குப் பாலமா என்பதை இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடினார்கள்.

சின்னப்பா லேஅவுட் ஸ்கைவாக்கில் இப்போது இருப்பது ஓட்டப்பந்தய ஷூ விளம்பரம். "ஓடு. நிற்காதே" என்று எழுதியிருக்கிறது. ஜெயலட்சுமி அதன் கீழே நின்றுதான் தினமும் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறாள்.

கட்சிகள் இரண்டு: சீப்புக் கட்சி, சொம்புக் கட்சி.*

ஒப்பந்தம் போட்டது சொம்பு ஆட்சி. அப்போது எதிர்க்கட்சியான சீப்பு "வானத்தை விற்காதே" என்று பேனர் கட்டியது. தேர்தல் வந்தது, சீப்பு ஜெயித்தது, பாதிப் பாலம் அவர்கள் கைக்கு வந்தது. உடனே சீப்பு "தனியார் பணம், மக்கள் பலன்" என்றது. இப்போது சொம்பு "வானத்தை விற்காதே" என்கிறது. பேனர்கூட பழையதுதான், பெயரை மட்டும் ஒட்டி மறைத்திருக்கிறார்கள் என்று கீரை விற்கிற எல்லம்மா சொல்கிறாள். நான் பார்க்கவில்லை.

பாலம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. படிக்கட்டுத் தடுப்பை மக்களே நகர்த்திவிட்டு ஏறி இறங்குகிறார்கள். படி ஏற முடியாத ஜெயலட்சுமிக்கு வேண்டிய லிஃப்ட் மட்டும் திறக்கவில்லை. மந்திரி வந்து திறக்கணும் என்கிறது சீப்பு. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுத்தான் திறக்கணும் என்கிறது சொம்பு. சாவியோ, பாலம் கட்டின கம்பெனியின் சூப்பர்வைசர் வெங்கியிடம். "ஆளுங்கட்சி சொன்னா திறப்பேன் மேடம், வேற யார் சொன்னாலும் என் வேலை போயிடும்" என்று கும்பிடுகிறான்.

* இரண்டு சின்னமும் என் கற்பனை. படிக்கும்போது வேறு ஏதாவது கட்சி உங்களுக்கு ஞாபகம் வந்தால், எந்தப் பத்தியில் வந்தது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தியில் மற்றக் கட்சி ஞாபகம் வரும்.

4

லேஅவுட்டில் தமிழில் மேடையேறிப் பேச இரண்டே பேர். சீப்புக்கு முனிராஜ், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, மைக் கிடைத்தால் லீவு. சொம்புக்கு க்ளென், கன்டோன்மெண்ட் பக்கத்துக் குடும்பம், சர்ச்சில் பாடிய குரல், இப்போது கட்சிக்குப் பாடுகிறது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். மேடையில் எதிரி, டீக்கடையில் மச்சான்.

சனிக்கிழமை அந்த டீக்கடையில்தான் ஜெயலட்சுமி இருவரையும் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரு பட்டிமன்றம் போடுங்கப்பா. தனியார் பணமா, கவர்மெண்ட் பணமா. யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க தலைவர் பேர்ல லிஃப்ட்ட திறக்கட்டும். தோத்தவங்க வாய மூடிக்கணும்."

முனிராஜ் டீ கிளாஸை வைத்தான். "நடுவர் யாருக்கா?"

"நான்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் வேணும்னு தவிக்கிறவ, கட்டினவங்களை எப்படி எதிர்ப்பா, நம்ம பக்கம்தான் என்று முனிராஜ் நினைத்தான். லிஃப்டைப் பூட்டிவெச்சவங்க மேல கோபமா இருப்பா, நம்ம பக்கம்தான் என்று க்ளென் நினைத்தான்.

"எனக்கு ஓகே மச்சா" என்றான் க்ளென்.

"எனக்கு டபுள் ஓகே" என்றான் முனிராஜ்.

ஜெயலட்சுமி வீட்டுக்கு நடக்கும்போதே தீர்ப்பை எழுதிவிட்டாள். தனியார் பணம். அவளுக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. ஒரு தடவை சீப்புக்கும் ஒரு தடவை சொம்புக்கும் ஓட்டுப் போட்டவள். ஆனால் ஆளுங்கட்சி சொன்னால் வெங்கி திறப்பான். ஆளுங்கட்சி சீப்பு. சீப்பு ஜெயித்தால் வேலை சுலபம்.

(நடுவர் இப்படி முன்கூட்டியே முடிவெடுக்கலாமா என்று எனக்கே உறுத்தியது. அவளை நேர்மையானவளாக ஒரு முறை எழுதிப் பார்த்தேன். அந்த வரைவில் அவள் இரண்டு பக்கத்தையும் கவனமாகக் கேட்டாள், மோமோ கடை திறந்துவிட்டது.)

எரிக் தற்போது மாரத்தஹள்ளியில்.

5

ஞாயிறு சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே பந்தல் போட்டாயிற்று. இடது நாற்காலியின் முதுகில் "தனியார் அணி" என்று அட்டை. வலது நாற்காலியில் "அரசு அணி". நடுவில் ஜெயலட்சுமி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கின கைமணியோடு. சீப்புக்காரர்கள் ஒரு பக்கம், சொம்புக்காரர்கள் ஒரு பக்கம், எல்லம்மா நடுவில் கீரைக் கூடை மேலே.

முனிராஜ் மைக்கைப் பிடித்தான்.

"நடுவர் அவர்களே. கவர்மெண்டு பணத்துல கட்டணும்னா இன்னா ஆவும்? டெண்டர் வெப்பான். டெண்டர் மேல கேஸு போடுவான். கேஸு முடியறதுக்குள்ள நம்ம ஜெயாக்காவுக்குப் பேரன் பொறந்து, அவன் இந்த ரோட்ட ஓடியே தாண்டிடுவான்."

கல்யாணமே செய்துகொள்ளாத ஜெயலட்சுமி மணியை ஒரு தட்டுத் தட்டினாள். முனிராஜ் தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்தான்.

க்ளென் எழுந்தான். "நடுவர் அவர்களே. கம்பெனிக்காரன் சும்மா குடுப்பானா? என் சொந்த மாமாவே சும்மா ஒரு டீ வாங்கித் தரமாட்டாரு. முப்பது வருஷம் அந்த ஷூ நம்ம தலைமேல நிக்கும். ஜனங்களுக்குப் பாலம் எங்க வேணும்? பஸ் ஸ்டாப்ல. அவன் எங்க கட்டினான்? சிக்னல்ல. நீ நடக்கறதுக்காகக் கட்டல ராஜா. அவன் படிக்கறதுக்காகக் கட்டினது."

நல்ல கைதட்டல். எல்லம்மா மட்டும் தட்டவில்லை.

"யாரு பணமா இருந்தா இன்னாபா. லிஃப்ட்ட தொற மொதல்ல."

"குறுக்கே பேசாதீங்க எல்லம்மாக்கா, விவாதம் நடக்குது."

"அதத்தான் சொல்றேன். விவாதந்தான் நடக்குது. வேற எதுவும் நடக்கல."

முனிராஜ் மறுப்புக்கு எழுந்தான். குரலை ஏற்றினான். "தனியார் பணம்னா இன்னா அர்த்தம்? நம்ம வரிப்பணத்துல ஒரு பைசா செலவாவாம, சொளையா ஒரு பாலம் வந்து நிக்குதுன்னு அர்த்தம்—"

அந்த நேரம் பார்த்து எல்லார் பையிலும் போன் அதிர்ந்தது. முனிராஜ் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடியே இன்னொரு கையில் படித்தான். சீப்பு எம்.எல்.ஏ.க்கள் சிலர் ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தது. சொம்பு ஆட்சி அமைக்கிறது.

முனிராஜ் மூச்சு விடவில்லை. வாக்கியத்தையும் விடவில்லை.

"—ன்னு சொல்றவன எல்லாம் நம்பாதீங்க. வானத்த வித்துட்டானுங்க நடுவர் அவர்களே. முப்பது வருஷத்துக்கு வித்துட்டானுங்க."

சொல்லிவிட்டுப் போய் வலது நாற்காலியில் உட்கார்ந்தான். க்ளென் அதற்குள் எழுந்து இடது நாற்காலிக்கு வந்திருந்தான். நடுவழியில் இருவரும் இடித்துக்கொள்ளவில்லை. பழக்கப்பட்டவர்கள்.

"கவர்மெண்டு எல்லாத்தையும் கட்ட முடியுமா?" என்று க்ளென் கனிவாக ஆரம்பித்தான். "தனியார் பணம் வந்தாத்தான் ஊரு முன்னேறும். சிக்னல்ல கட்டினா என்ன தப்பு? சிக்னல்லதான வண்டி நிக்குது. வண்டி நிக்கும்போதுதான தாண்ட முடியும்."

ஜெயலட்சுமி மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். தனியார் என்று தீர்ப்புச் சொன்னால் இப்போது ஜெயிப்பது க்ளென். பரவாயில்லை, ஆளுங்கட்சியும் இப்போது அவன்தான். அதே தீர்ப்பு போதும். வாயைத் திறந்தாள்.

போன் அதிர்ந்தது. ரிசார்ட்டிலிருந்து இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். ஆட்சி கவிழவில்லை.

நாற்காலிகள் மாறின.

"அதாவது, நான் முன்னாடி சொன்னபடி" என்றான் முனிராஜ். எந்த முன்னாடி என்று அவன் சொல்லவில்லை.

திரும்பவும் போன். வந்த இருவரில் ஒருவர் மறுபடி கிளம்பிவிட்டார். மற்றவர் வீட்டில் இருக்கிறார், ஆனால் போனை எடுக்கவில்லை. எழுந்த முனிராஜும் எழுந்த க்ளெனும் மேடை நடுவில் நின்றுவிட்டார்கள். எந்தப் பக்கம் போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்ட முடியாதவள் முன்னால், நல்ல கால்கள் நான்கு, ஆறடி மேடையைத் தாண்ட முடியாமல் நின்றன.

ஜெயலட்சுமி கைமணியை எடுத்து நிறுத்தாமல் அடித்தாள்.

6

[இந்தப் பகுதியில் எரிக் வந்து மர்மத்தைத் தீர்ப்பதாக இருந்தது. போன் செய்தேன். மகாதேவபுராவில் தண்ணி லாரி குறுக்கே நிற்கிறதாம். "நீங்களே பாத்துக்குங்க சார்" என்றார்.]

ஜெயலட்சுமி கைமணியோடே ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். நேரே லிஃப்ட் வாசலில் நின்ற வெங்கியிடம் போனாள்.

"சாவி குடு வெங்கி."

"மேடம், ஆளுங்கட்சி சொன்னாத்தான்—"

"சரி. யாரு இப்ப ஆளுங்கட்சி? சொல்லு, போய் பர்மிஷன் வாங்கினு வரேன்."

வெங்கி முனிராஜைப் பார்த்தான். முனிராஜ் போனைப் பார்த்தான். வெங்கி க்ளெனைப் பார்த்தான். க்ளென் வானத்தைப் பார்த்தான்.

"இப்போதைக்கு... யாரும் இல்ல மேடம்."

"அப்ப வேணாம்னு சொல்றதுக்கும் யாரும் இல்லதானே."

வெங்கி பையிலிருந்து சாவியை எடுத்துத் தந்தான். பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. லிஃப்ட் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே—

(பார்த்தீர்களா, அந்த முதல் வரி வீணாகவில்லை.)

உள்ளே இரண்டு கருங்கல் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. மஞ்சள் துணி சுற்றியிருந்தது. ஜெயலட்சுமி ஊன்றுகோல் நுனியால் துணியை விலக்கினாள். ஒன்றில் சீப்புச் சின்னம்: இந்த நடைமேம்பாலத்தைத் திறந்துவைத்தவர் என்று ஒரு பெயர், கீழே முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, கடைசியில் சின்ன எழுத்தில் முனிராஜ். இன்னொன்றில் சொம்பு: அதே வாசகம், வேறு பெயர்கள், கடைசியில் க்ளென்.

"நீயும் செஞ்சு வெச்சியா?" என்றான் முனிராஜ்.

"ஒப்பந்தத்த எதிர்க்கறோம் மச்சா. திறப்பு விழாவ எதிர்க்கறோம்னு எப்ப சொன்னேன்?"

வெங்கி குனிந்துகொண்டான். "ரெண்டு பேரும் தனித்தனியா வந்து பத்திரமா வைக்கச் சொன்னாங்க மேடம். பூட்டின இடம் இது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஜெயலட்சுமி உள்ளே ஏறினாள். பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு. எடை அதிகம். நாலு பேருக்கான லிஃப்ட். இரண்டு கட்சிகளின் கல்லும் ஒரு டைலரும் சேர்ந்தால் அதற்குத் தாங்காது.†

"கல்ல வெளிய எடுங்க" என்றாள்.

முனிராஜ் அசையவில்லை. "தலைவர் பேரு இருக்குதுக்கா. என் கையால தூக்கி ரோட்ல வெச்சேன்னு எவனாவது போட்டோ எடுத்தா நான் காலி. மொதல்ல அவன எடுக்கச் சொல்லு."

"அவன் எடுக்கட்டும் மொதல்ல" என்றான் க்ளென். "என் கல்லு உள்ள இருக்கும்போது அவன் கல்லு வெளிய போச்சுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

லிஃப்ட் கத்திக்கொண்டே இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இறக்கின ஷட்டருக்கு மேலே, அவளுடைய போர்டில் விளக்கு எரிந்தது. அதன் கீழே ஒரு பையன் அளவுநாடாவால் வாசலை அளந்துகொண்டிருந்தான். அடுப்பு நுழையுமா என்று பார்க்கிறான் போலிருக்கிறது.

ஜெயலட்சுமி ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள்.

"முனிராஜு, க்ளென் கல்ல நீ தூக்கு. க்ளென், அவன் கல்ல நீ தூக்கு."

இரண்டு பேர் முகமும் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன். இத்தனை வருஷப் பொதுவாழ்க்கையில் அவர்கள் இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை. எதிர்க்கட்சிக் கல்லைத் தூக்கிக் குப்பைத்தொட்டி ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்து, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். இரு பக்கத்திலும் கைதட்டல். எல்லம்மா இந்த முறை தட்டினாள்.

"நடுவர் அவர்களே, தீர்ப்பு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"மேல போய்ச் சொல்றேன்."

கதவு மூடியது. லிஃப்ட் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு ஏறியது.

† எந்தக் கருங்கல், என்ன எடை என்று பொறியாளர்கள் கடிதம் எழுத வேண்டாம். பெயர்கள் அதிகம், அதனால் எடை அதிகம்.

7

இங்கே முடித்துவிடலாம். ஆசிரியருக்கும் அதுதான் ஆசை. ஆனால் மேலே போய் அவள் கண்டதை நான் சொல்லாமல் விடக் கூடாது.

பாலத்தின் மேலே காற்று அடித்தது. முதல் முறையாக அந்த ஷூவை அவள் பின்பக்கத்திலிருந்து பார்த்தாள். வெறும் தகரமும் கம்பியும். மெல்ல நடந்தாள். கீழே வண்டிகள் நின்றன. சிக்னலில் ஒரு காரின் ஜன்னலிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டி மேலே பார்த்தார். வந்துவிட்டார் எரிக். வந்து என்ன பயன், அவருக்கும் யூ டர்ன் ஃப்ளைஓவரில்தான்.

எதிர்ப்பக்க லிஃப்டின் கண்ணாடிக் கதவு வரை போனாள். பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் இல்லை.

"வெங்கி" என்று கைப்பிடியில் சாய்ந்து கூப்பிட்டாள். "இந்தப் பக்கத்துச் சாவி?"

கீழிருந்து பதில் வந்தது. "அந்தப் பக்கம் வேற வார்டு மேடம். சாவி அங்க இருக்கற சூப்பர்வைசர்கிட்ட. அங்க சீப்புக்கும் சொம்புக்கும் வேற ஆளுங்க."

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு, ஆசிரியர் கேட்டது: கீழே அந்த இருட்டு லிஃப்டுக்குள், ரத்த வெள்ளத்தில்— முடியாது. இவ்வளவு தூரம் வந்த பிறகு யாரையும் சாகடிக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது முடிவு: முனிராஜும் க்ளெனும் மனம் மாறி, அவளைத் தோளில் சுமந்து எதிர்ப் படிக்கட்டில் இறக்குகிறார்கள். எழுதிப் பார்த்தேன். பாதிப் படியில் போன் அதிர்ந்தது. அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு இருவரும் பக்கம் மாறினார்கள்.

மூன்றாவது முடிவு: அரசாங்கம் சொந்தப் பணத்தில் பஸ் ஸ்டாப் அருகே இன்னொரு பாலம் கட்டுகிறது. இந்தக் கதையை உங்கள் பேரன் படிக்கும்போது டெண்டர் திறப்பார்கள்.

அவள் இப்போது பாலத்தின் எதிர்முனையில் நிற்கிறாள். கையில் அந்தப் பள்ளிக்கூட மணி. நேரே கீழே அவளுடைய ஷட்டர். பையன் அளந்து முடித்து நாடாவைச் சுருட்டுகிறான். ஜெயலட்சுமி மணியை ஓங்கி அடிக்கிறாள். பையன் நிமிர்ந்து பார்க்கிறான்.

"தம்பி, நான் மேலதான் இருக்கேன். வந்துட்டேன்னு மமதா மேடத்துக்குச் சொல்லு."

"இறங்கலயேக்கா."

"வந்தாச்சு. இறங்கறதுதான் பாக்கி."

நாளை காலை ஒன்பது மணி வரை அவள் அங்கேயே நின்று மணியடிப்பாள், எனக்கு அவளைத் தெரியும். என்னால் ஆனது இவ்வளவுதான். எதிர்ப்பக்கம் உங்கள் வார்டு. அந்த லிஃப்டைத் திறந்ததும் உள்ளே பாருங்கள். மஞ்சள் துணி சுற்றி உங்கள் கட்சிக் கல்லும் இருக்கும். உங்களால் அதைத் தூக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறாரே, உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர், அவரைக் கூப்பிடுங்கள்.